நேற்று வரை ஓடிய கம்ப்யூட்டர்

புது ராமை மாட்டியாகிவிட்டது. கேபினெட்டின் பக்கத் தகட்டைக்கூட இன்னும் மூடவில்லை. பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, உள்ளே விளக்கு எரிகிறது, மானிட்டர் மட்டும் ‘நோ சிக்னல்’ என்று ஒரு சின்னப் பெட்டியைக் காட்டிவிட்டு இருண்டுபோகிறது. அந்த நிமிடத்தில் வீட்டில் இரண்டு தீர்ப்புகள் எழும். ஒன்று, ‘எதையோ எரிச்சுட்டோம்.’ மற்றொன்று, ‘கடையில ஏமாத்திட்டான்.’ முதல் தீர்ப்பை எழுதியவர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு சர்வீஸுக்கு ஓடுகிறார். இரண்டாவதை எழுதியவர் பில்லைத் தேடுகிறார். இரண்டும் சில சமயம் உண்மையாக இருக்கலாம். ஆனால் இரண்டுமே விசாரிக்கும் முன்பே எழுதப்பட்டவை.

பழைய கம்ப்யூட்டரைத் திறந்து கை வைப்பதற்கு இப்போது காரணம் கூடியிருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ராம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி ஆகியவற்றோடு, குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய புராசஸரும் வேண்டும்: இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆவது தலைமுறை முதல், ஏஎம்டி ரைசன் என்றால் 2000 வரிசை முதல். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைத் தூக்கிப்போட மனமில்லாதவர்கள் ராம், எஸ்எஸ்டி, பழைய மார்க்கெட்டில் கிடைக்கும் புராசஸர் என்று தேடிப் போகிறார்கள். சென்னையில் ரிச்சி தெருவுக்குப் போனால் ஒரே நடையில் மூன்றையும் வாங்கிவந்துவிடலாம். சிக்கலே அங்கிருந்துதான் பல நேரம் தொடங்குகிறது என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் ஒரு நல்ல செய்தி. தானாக நின்றுபோன கம்ப்யூட்டரைவிட, நாம் கை வைத்த பிறகு நின்றுபோன கம்ப்யூட்டரின் கோளாறைக் கண்டுபிடிப்பது எளிது. அந்தக் கோளாறு பிறந்த நேரம் நமக்குத் தெரியும். மாலை ஐந்து மணிக்கு ஓடியது, ஆறு மணிக்கு ஓடவில்லை. இடைப்பட்ட ஒரு மணி நேரத்தில் நடந்தவை மட்டும்தான் விசாரணைக்கு வர வேண்டியவை.

ஆகவே இப்படி எழுந்திருக்க மறுக்கும் கம்ப்யூட்டருக்கு முதல் வைத்தியம், சேர்த்ததை எடுப்பது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, புதுப் பொருளைக் கழற்றி, பழையதை அதன் பழைய இடத்திலேயே மாட்டி, மறுபடி பட்டனை அழுத்த வேண்டும். ராமோ எஸ்எஸ்டியோ என்றால் பத்து நிமிட வேலை. புராசஸர் என்றால் கொஞ்சம் கூடுதல். இந்த ஒரு சோதனை பிரச்சினையை நடுவில் வெட்டி இரண்டாக்கிவிடும். பழைய நிலையில் ஓடுகிறது என்றால், கோளாறு புதுப் பொருளிலோ, அதற்கும் பழைய பாகங்களுக்கும் உள்ள பொருத்தத்திலோ இருக்கிறது. மதர்போர்டும் ஹார்டு டிஸ்க்கும் எரியவில்லை என்று நிம்மதியாகத் தூங்கலாம். பழைய நிலையிலும் ஓடவில்லை என்றால், சந்தேகம் புதுப் பொருளைவிட்டு நம் கையின்மேல் திரும்புகிறது. ராமை மாட்டும்போது முழங்கை பட்டுத் தளர்ந்த கேபிள், மதர்போர்டுக்கு அடியில் உருண்டுபோன திருகு, சாக்கெட்டில் வளைந்த ஒரு பின், மாட்ட மறந்த பிளக் – இவற்றில் ஒன்று. இந்த இரண்டில் எது என்று தெரியாமல் செய்யும் எந்த ரிப்பேரும் இருட்டில் ஊசி தேடுவதுதான்.

சர்வீஸ்காரர்கள் இப்படிச் செய்வதில்லையே என்று கேட்கலாம். சர்வீஸ்காரர் வந்ததும் தன் பையிலிருந்து ஒரு ராமை எடுத்து மாட்டிப் பார்ப்பார், ஓடாவிட்டால் வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை (மின்சாரம் தரும் பெட்டியை) இணைத்துப் பார்ப்பார், கால் மணி நேரத்தில் ‘இதுதாங்க’ என்று சொல்லிவிடுவார். அது சரியான முறைதான், அவருக்கு. அவர் பையில் இருப்பவை நல்லவை என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த பாகங்கள். நம் வீட்டில் அப்படிப்பட்ட பாகம் ஒன்றும் கிடையாது. புதிதாக வாங்கிவந்ததைப் பற்றிக்கூட, புதிது என்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. நல்லது என்று நமக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று: நேற்று ஓடிய அந்தச் சேர்க்கை. அதைத்தான் ஸ்பேர் பார்ட்டாகப் பயன்படுத்தச் சொல்கிறேன். தள்ளுபடி விலையில் ராம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு மூன்றையும் வாங்கி ஒரே மூச்சில் மாட்டியவருக்கும் இதுவே வழி. மூன்றையும் எடுத்துவிட்டு, ஒன்றை மாட்டி ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்தது. மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் மூன்றையும் மாட்டி மாட்டிக் கழற்றினால் இன்னும் மெதுவாக நடக்கும்.

எங்கே நின்றுபோகிறது என்று பார்க்க, கம்ப்யூட்டர் எப்படி எழுந்திருக்கிறது என்பது கொஞ்சம் தெரிய வேண்டும். முன்பக்கப் பட்டன் வீட்டு ஸ்விட்சைப் போல மின்சாரத்தைத் திறந்துவிடுவதில்லை. இன்டெல் 1995-இல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அமைப்பு முதல் அது வெறும் சமிக்ஞைதான். பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை, கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து ஒரு 5 வோல்ட் இழை மதர்போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். போர்டின் மூலையில் எரியும் சின்ன விளக்கு அதைத்தான் காட்டுகிறது. அது எரிவதால் எஸ்எம்பிஎஸ் முழு ஆரோக்கியம் என்று ஆகாது. பட்டனை அழுத்தியதும் போர்டு ‘எழு’ என்று எஸ்எம்பிஎஸ்ஸுக்குச் சொல்கிறது. எஸ்எம்பிஎஸ் தன் வோல்டேஜ்கள் நிலைபெற்றபின், அரை நொடிக்குள், ‘தயார்’ என்ற பதிலை அனுப்புகிறது. அது வந்த பிறகே புராசஸர் கண் விழித்து, பயாஸ் என்ற நிரலைப் படித்து, ராம், டிஸ்ப்ளே என ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியிலேயே இந்தச் சுயபரிசோதனை உண்டு. அதற்குப் பெயர் போஸ்ட். சர்வீஸ்காரர்கள் ‘போஸ்ட் ஆகல’ என்பது இதைத்தான். பரிசோதனை முடிந்தபின் டிஸ்க்கைத் தேடி, விண்டோஸைக் கூப்பிடுகிறது. ஆக உயிரே இல்லாமல் கிடப்பதும், ஃபேன் சுற்றியும் டிஸ்ப்ளே வராததும், டிஸ்ப்ளே வந்தும் விண்டோஸ் வராததும் ஒரே நோய் அல்ல. கடையில் போய் ‘ஆன் ஆகல’ என்று மூன்றுக்கும் ஒரே வார்த்தையைச் சொன்னால், பாதித் தகவலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறோம்.

உயிரே இல்லை என்றால் விஷயம் பெரும்பாலும் கம்பிகளில். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புற ஸ்விட்ச் அணைந்தே இருப்பது, 24 பின் பிளக் ஒரு ஓரம் மட்டும் இறங்கியிருப்பது, பவர் பட்டனிலிருந்து வரும் இரண்டு பின் கொண்ட சன்னமான கம்பி கழன்றுகிடப்பது. போர்டையே மாற்றியவர்கள் புராசஸருக்கு அருகில் தனியாக மாட்ட வேண்டிய 4 அல்லது 8 பின் பிளக்கை மறந்துவிடுவது உண்டு. அப்போது ஃபேன்கூடச் சுற்றலாம், வேறொன்றும் நடக்காது. ஃபேன் ஒரு சுற்று அசைந்து உடனே நின்றுவிடுகிறது என்றால் அது வேறு கதை. எங்கோ ஷார்ட் ஆகிறது, எஸ்எம்பிஎஸ் தன்னையும் மற்றவற்றையும் காப்பாற்றிக்கொள்ள மின்சாரத்தை நிறுத்திக்கொள்கிறது என்று பெரும்பாலும் பொருள். கேபினெட் தகட்டுக்கும் போர்டுக்கும் இடையில் பித்தளைத் தாங்கிகள் திருகப்பட்டிருக்கும். துளைக்கு நேராக இல்லாத இடத்தில் ஒரு தாங்கி எஞ்சியிருந்தால், அது போர்டின் முதுகைத் தொட்டு இந்த வேலையைச் செய்யும். பிளக் பாதி இறங்குவதை அலட்சியமாக நினைக்க வேண்டாம். 2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகள் சிலவற்றில் பிளக் உருகிப்போனபோது, என்விடியா ஆராய்ந்து சொன்ன முக்கியமான காரணம், பிளக் முழுவதுமாக உள்ளே போகவில்லை என்பதுதான்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, பழைய எஸ்எம்பிஎஸ் அன்றைக்குப் பார்த்துச் செத்திருக்கக் கூடாதா? கூடும். ஆனால் பல சமயம் அது தற்செயல் இல்லை. பழம் விழும் பக்குவத்தில் இருந்தது, காக்கையின் எடை போதுமானதாக இருந்தது. கிராபிக்ஸ் கார்டு இல்லாத அலுவலகக் கம்ப்யூட்டர் ஒன்றுக்கு எஸ்எம்பிஎஸ் தன் முழு பலத்தைக் காட்ட வேண்டிய தேவை ஒரு நாளும் வந்திருக்காது. புதுக் கார்டு வந்ததும் கணக்கு மாறுகிறது. கார்டு செருகும் ஸ்லாட் 75 வாட் வரை தரும்; கார்டின் மேலே 6 பின் பிளக் இருந்தால் இன்னொரு 75, 8 பின் என்றால் 150. இவ்வளவும் பெரும்பாலும் 12 வோல்ட் வழியாகவே வர வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு லேபிளைப் படித்துப் பாருங்கள். மேலே பெரிய எழுத்தில் 450 வாட் என்றிருக்கலாம். கீழே கட்டங்களில் ‘+12வி’ என்ற கட்டத்துக்கு நேரே 25 ஆம்பியர் என்று இருந்தால், 12-ஐ 25-ஆல் பெருக்கினால் 300 வாட். புராசஸருக்கும் கார்டுக்கும் சேர்த்து அதுதான் இருப்பு. மீதி வாட்டுகள் 5 வோல்ட், 3.3 வோல்ட் வரிசைகளில் உட்கார்ந்திருக்கின்றன. இந்தக் கார்டுக்கு அவற்றால் பயனில்லை. இப்படிப்பட்ட வீட்டில் கார்டைக் குறை சொல்லிக் கடையில் திருப்பிக் கொடுப்பவர், அடுத்து வாங்கும் கார்டிலும் அதே இருட்டைத்தான் பார்ப்பார்.

ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை என்பதுதான் மிகப் பலருக்கு நேர்வது. கிராபிக்ஸ் கார்டு புதிதென்றால், வேறெதையும் தொடும் முன் மானிட்டர் கேபிள் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழக்கத்தில் கை மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளைக்கே போகும். கார்டு போட்ட பிறகு படம் வருவது கார்டின் துளையில். சிரிப்பு வரும், ஆனால் இதற்காக ஆட்டோ பிடித்துச் சர்வீஸ் சென்டர் போனவர்கள் நிச்சயம் இருப்பார்கள். ராம் புதிதென்றால் அது ஸ்லாட்டில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று குனிந்து, கண்ணை போர்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். டிடிஆர்4 ராமின் கீழ் விளிம்பு நேர்கோடாக இருக்காது, நடுவில் லேசாகப் புடைத்திருக்கும். எல்லா முனைகளும் ஒரே நேரத்தில் அழுத்தப்படாமல் படிப்படியாக இறங்குவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். அதனால் நடுவில் அழுத்தினால் உட்கார்ந்துவிட்டது போலத் தோன்றி, ஒரு ஓரம் மயிரிழை தூக்கிக்கொண்டிருக்கும். இரண்டு ஓரங்களிலும் கட்டைவிரலை வைத்து, போர்டு லேசாக வளைகிறதே என்று பயப்படும் அளவுக்கு அழுத்தினால்தான் ‘டிக்’ என்ற சத்தத்தோடு தாழ்ப்பாள் விழும். ஒரு பக்கம் மட்டுமே தாழ்ப்பாள் உள்ள போர்டுகளில் ஏமாறுவது இன்னும் சுலபம். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ராம் போட்டால், புராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் பெரும்பாலான போர்டுகளில் அவற்றுக்கான இடம். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்தான் என்றாலும் வெட்டு இடம் மாறியிருக்கும். தவறானது இறங்காது, இறங்காததை பலத்தால் இறக்கப் பார்த்தால் ஸ்லாட் போய்விடும்.

‘ராமைக் கழற்றி ரப்பர் போட்டுத் தேய்த்து மாட்டுங்க’ என்பது நம் ஊர் சர்வீஸ் உலகின் பாட்டி வைத்தியம். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. பல கம்ப்யூட்டர்கள் அதற்குப் பிறகு எழுந்திருக்கத்தான் செய்கின்றன. ஆனால் எழுந்ததற்குக் காரணம் ரப்பரா, கழற்றி மாட்டியதா என்று கேட்க வேண்டும். ராமின் முனைகளில் தங்க முலாம் பூசியிருப்பதே துருப்பிடிக்காமல் இருக்கத்தான். கைரேகை எண்ணெய், தூசி, கடற்காற்றின் ஈரம் சேர்ந்த அழுக்கு படியலாம். அதை ரப்பர் எடுக்கும். அதே சமயம், ராமைக் கழற்றி மறுபடி செருகும்போதே ஸ்லாட்டின் ஸ்பிரிங் முனைகள் தங்கப் பரப்பை உரசித் துடைத்துவிடுகின்றன. முதல் முறை சரியாக உட்காராததும் இரண்டாம் முறை சரியாகிவிடுகிறது. பெருமையில் பெரும்பங்கு அந்தக் கழற்றி மாட்டலுக்குத்தான் போக வேண்டும் என்பது என் எண்ணம். முலாம் ஒரு மைக்ரான் அளவுகூடப் பெரும்பாலும் இருக்காது. பேனா மையை அழிக்கும் சொரசொரப்பான ரப்பரால் ஆண்டுக்கு நாலு முறை தேய்த்தால், குணப்படுத்த வந்த மருந்தே தோலை உரித்துவிடும். நேற்றுதான் பாக்கெட் பிரித்த புது ராமுக்கு ரப்பர் தேவையே இல்லை. தேய்ப்பதானால் வெள்ளை ரப்பரால் மெல்ல ஒரு முறை, துகளைத் துடைத்துவிட்டு, அவ்வளவே.

இவ்வளவு நேரம் ‘எடுத்துப் பார்’ என்று சொல்லிவந்தேன்; ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் முதலில் சும்மா இருக்க வேண்டும். டிடிஆர்5 ராம் போட்ட புதிய இயந்திரங்கள், முதல் முறை அந்த ராமைச் சந்திக்கும்போது அதனோடு எந்த நேர இடைவெளியில் பேசுவது என்று தாமே முயன்று பார்த்துக் கற்றுக்கொள்கின்றன. இதை மெமரி டிரெய்னிங் என்கிறார்கள். 2022-இல் ரைசன் 7000 வரிசை வந்த புதிதில், கொள்ளளவு அதிகமான ராம்களோடு இது பல நிமிடங்கள் நீண்டது. அத்தனை நேரமும் திரை கறுப்பாகவே இருக்கும். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு பட்டனை அழுத்தி அணைத்தால், கற்றது பாதியில் போய், அடுத்த முறை முதலிலிருந்து தொடங்கும். இப்படி அரை மணி நேரம் அணைத்து அணைத்துப் போட்டுவிட்டு ‘போர்டு போச்சு’ என்று முடிவுகட்டினால், அந்தக் கம்ப்யூட்டரிடம் தவறே இல்லை. பட்டனை ஒரு முறை அழுத்திவிட்டுப் போய் ஒரு காபி போட்டுக் குடித்துவிட்டு வரலாம்.

புராசஸரை மாற்றியவர்களின் பாடு இதைவிடச் சுவாரசியமானது, ஏனென்றால் அங்கே குற்றவாளியே இல்லாத குற்றம் நடக்கிறது. 2015-இல் வந்த இன்டெல்லின் 6-ஆவது தலைமுறைக்கும் அடுத்து வந்த 7-ஆவதுக்கும் எல்ஜிஏ 1151 என்ற சாக்கெட். 2017 அக்டோபரில் மேசைக் கணினிகளுக்கு வந்த 8-ஆவது தலைமுறைக்கும் அதே பெயர், அதே 1151 முனைகள், அதே அளவு. பழைய 100, 200 வரிசை போர்டில் அதை வைத்தால் அழகாக உட்காரும், மூடியும் மூடும். ஆனால் எழுந்திருக்காது, முனைகளில் சிலவற்றுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள், அதற்கு 300 வரிசை போர்டு வேண்டும். விண்டோஸ் 11-க்கு 8-ஆவது தலைமுறை வேண்டும் என்று கேள்விப்பட்டு, 6-ஆவது தலைமுறைக் கம்ப்யூட்டருக்கு அந்தப் புராசஸரை மட்டும் வாங்கிவருபவர் நேராக இந்தச் சுவரில் போய் முட்டுவார். புராசஸர் நல்லது, போர்டு நல்லது, மாட்டியவர் கையும் சுத்தம். ‘எரிஞ்சுபோச்சு’, ‘ஏமாத்திட்டான்’ என்ற இரண்டு தீர்ப்புகளுக்கும் இடமில்லாத வழக்கு இது. சாக்கெட் பெயரை நம்பாமல், போர்டு தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடலுக்கான புராசஸர் பட்டியலைப் பார்த்தால் காசு கொடுக்கும் முன்பே தெரிந்துவிடும்.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் கதை இன்னொரு மாதிரி. அங்கே பொருத்தம் உண்டு, அறிமுகம்தான் இல்லை. 2018 பிப்ரவரியில் ரைசன் 2000 வரிசையில் உள்கட்டிய கிராபிக்ஸோடு சில புராசஸர்கள் வந்தன. கடைகளில் இருந்த போர்டுகளில் பழைய பயாஸ். புதுப் புராசஸரை அதற்கு அடையாளம் தெரியவில்லை. பயாஸைப் புதுப்பிக்கக் கம்ப்யூட்டர் ஓட வேண்டும், ஓடப் பயாஸ் புதிதாக இருக்க வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய நிலை. ஏஎம்டியே வாடிக்கையாளர்களுக்கு ஒரு பழைய புராசஸரை இரவலாக அனுப்பி, புதுப்பித்துவிட்டுத் திருப்பித் தரச் சொன்னது. பிறகு இதே சாக்கெட்டில் இன்னொரு நெருக்கடி. பல போர்டுகளின் பயாஸ் சிப்பில் 16 எம்பி இடம்தான். அத்தனை தலைமுறைப் புராசஸர்களின் விவரமும் அதற்குள் அடங்காது என்பதைக் காரணமாகச் சொல்லி, அடுத்து வரும் ரைசன்கள் 400 வரிசை போர்டில் ஓடா என்று 2020 மே மாதம் ஏஎம்டி அறிவித்தது; எதிர்ப்புக் கிளம்பியதும் அதே மாதம் மாற்றிக்கொண்டது. இடம் பண்ண, சில போர்டுகளின் புதுப் பயாஸில் பழைய புராசஸர்களின் விவரங்கள் அகற்றப்பட்டன. ‘நேற்றைக்குத் திரும்பு’ என்ற என் வாதத்துக்கு உண்மையான விதிவிலக்கு இதுதான். அப்படிப்பட்ட போர்டில் பயாஸை மாற்றிய பிறகு பழைய புராசஸரைத் திரும்ப வைத்தால் ஓடாமல் போகலாம். அதைப் பார்த்து நம் கைதான் எதையோ கெடுத்துவிட்டது என்று முடிவுசெய்தால் தவறாகிவிடும். எனவே ஏஎம்4 வீட்டுக்காரர்கள் பழைய புராசஸர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தேவையான பயாஸ் எது என்று படித்துப் பார்த்து ஏற்றிக்கொண்டு, பிறகு புதியதை மாட்டுவது நல்லது. சில போர்டுகளின் பின்புறம் பயாஸ் ஃபிளாஷ்பேக் என்றொரு பட்டன் இருக்கும். புராசஸரே இல்லாமல் பென்டிரைவிலிருந்து புதுப்பித்துக்கொள்ளும். அது இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

கழித்துப் பார்க்கும் முறையிலும் ஒரு பள்ளம் உண்டு. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம் என்று நினைப்பவர், தன் புராசஸரில் டிஸ்ப்ளே வசதி உள்ளதா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இன்டெல்லில் ‘எஃப்’ என்ற எழுத்தில் முடிபவற்றுக்கும், 7000 வரிசைக்கு முந்தைய மேசைக் கணினி ரைசன்களில் ‘ஜி’ இல்லாதவற்றுக்கும் அது கிடையாது. கார்டை எடுத்தால் கம்ப்யூட்டர் நன்றாக இருந்தாலும் திரை இருட்டாகத்தான் இருக்கும். நாமாக ஒரு கோளாறை உண்டாக்கிக்கொண்டு அதை ஆராய்ந்துகொண்டிருப்போம். நல்லவேளையாக, இப்போதைய போர்டுகள் பலவற்றின் ஓரத்தில் நான்கு சின்ன விளக்குகள் உண்டு: சிபியு (புராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட். எழுந்திருக்கும்போது ஒவ்வொன்றாக எரிந்து அணையும்; எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் தடை. பழைய போர்டுகளில் இதே வேலையை பீப் சத்தம் செய்தது, ஆனால் எத்தனை பீப்புக்கு என்ன பொருள் என்பது பயாஸ் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எதுவுமே கேட்கவில்லை என்றால், கேபினெட்டில் ஸ்பீக்கரே இல்லையோ என்று பார்ப்பது நல்லது.

டிஸ்ப்ளே வந்துவிட்டால் பெரும் பயம் தீர்ந்தது. மீதி பெரும்பாலும் கணக்கு வழக்கு. எம்.2 எஸ்எஸ்டி போட்டதும் பழைய ஹார்டு டிஸ்க் காணாமல்போகிறதா? பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் ஒன்றிரண்டு சாட்டா துளைகளும் ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்றில் ஆள் வந்தால் மற்றது மூடிக்கொள்ளும். டிஸ்க் கேபிளை வேறு துளைக்கு மாற்றினால் போதும். போர்டையே மாற்றிய பிறகு பழைய விண்டோஸ் டிஸ்க் தெரியவில்லை என்றால், அது எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டதாக இருக்கலாம். யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையை மட்டுமே அறிந்த புதிய போர்டுகள் அதிலிருந்து எழாது. இங்கே ஒரு எச்சரிக்கையை விட்டுவிட முடியாது. எதற்கெடுத்தாலும் போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி பயாஸ் அமைப்புகளை அழிப்பது இன்னொரு சர்வரோக நிவாரணி. பல நேரம் பலிக்கும். ஆனால் டிஸ்க்கோடு பேசும் முறை எஎச்சிஐ, ரெய்டு என இரண்டில் எதில் இருந்தது என்பதையும் பயாஸ் மறந்துவிட்டால், நன்றாக இருந்த விண்டோஸ் நீலத்திரையில் போய் விழும். டிஸ்க்கில் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருந்தால், போர்டு மாறினாலோ பயாஸ் மாறினாலோ 48 இலக்கச் சாவியைக் கேட்டு உட்கார்ந்துவிடும். சாவி பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு யாருக்கு நினைவிருக்கிறது என்பது வேறு விஷயம். திருப்புளியைக் கையில் எடுக்கும் முன் அந்தச் சாவியை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, பயாஸ் திரையை மொபைலில் நாலு படம் எடுத்துக்கொண்டால், நேற்றைய நிலைக்குத் திரும்பும் வழி திறந்தே இருக்கும்.

புதுப் பொருள் பழுதாகவே வராதா என்றால், வரும். மின்னணுப் பாகங்கள் முதல் சில நாட்களிலும் வயதான பின்னும்தான் அதிகம் சாகின்றன, நடுவயதில் குறைவு. தொழிற்சாலைக் குறைகள் பலவும் ஆரம்ப ஓட்டத்திலேயே வெளிப்பட்டுவிடும். ஆகவே கடைக்காரர் மேல் சந்தேகப்படுவது தப்பில்லை, ஆனால் நிரூபணம் வேண்டும். பழைய ராமோடு ஓடுகிறது, புதியது எந்த ஸ்லாட்டிலும் ஓடவில்லை, அதே வகை ராம் ஏற்கும் இன்னொரு கம்ப்யூட்டரிலும் ஓடவில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் அது நிரூபணம். மாற்றிக் கொடுக்கத் தயங்குபவரிடமும் இதைச் சொல்லி நிற்கலாம். முதலாவது மட்டும் இருந்தால் அது பொருத்தக் கோளாறாகவும் இருக்கலாம். மாற்றித் தரும் இன்னொரு ராமும் அதே மாதிரி அடம்பிடிக்கும்.

நாம் நிறுத்திக்கொள்ள வேண்டிய இடங்களும் உண்டு. எஸ்எம்பிஎஸ் பெட்டியின் நான்கு திருகுகளைக் கழற்றக் கூடாது. அதன் உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் சேமித்து வைத்திருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அதை விடாது. இன்டெல் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருப்பது தெரிந்தால் ஊசியோடு குனிவதைவிட, லென்ஸும் பழகிய கையும் உள்ளவரிடம் கொடுப்பது மேல். அப்படிக் கொடுக்கும்போது கூடவே ஒரு துண்டுச் சீட்டு போகட்டும்: என்ன இருந்தது, என்ன மாற்றினோம், எந்த விளக்கு நிற்கிறது, பழையதைத் திரும்ப மாட்டினால் என்ன ஆகிறது. ‘பழைய ராம்ல ஓடுது, புதுசு எந்த ஸ்லாட்ல போட்டாலும் டிராம் லைட் நிக்குது’ என்று ஒரே வரி இருந்தாலும், கவுன்டரில் இருப்பவர் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றலாமா என்று யோசிக்காமல் நேராக ராமைக் கையில் எடுப்பார்.